பழைய லொறிக்கு ஏன் இந்த விலை?

பழைய லொறிகளின் விலையேற்றத்திற்குச் சேகரிப்போரின் மோகமே காரணம் என்பர் சிலர். பிரித்தானியாவில் அது பொருந்தலாம். மாத்தளை மாவட்டத்தில் முதற்காரணம் அதுவன்று என்போம் நாம். உற்பத்தி நின்று பல்லாண்டான பெட்போர்ட், இங்கே காட்சிப்பொருளன்று. தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி சுமக்கும் உழைப்பாளி.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360ஐ எட்டியது. புதியது வாராதபோது பழையது பொன்னாயிற்று. 2025இல் தடை நீங்கியும் வரிச்சுமை நீங்கவில்லை.

லொறிக்குக் கொடுத்த விலையை உரிமையாளர் வாடகையில் ஏற்றுகிறார். அச்சுமை கமக்காரர் தலையிலும் தோட்டத் தொழிலாளர் தலையிலுமே இறங்குகிறது. பழமைக்கு விலை கொடுப்பது செல்வரின் விருப்பம். பற்றாக்குறைக்கு விலை கொடுப்பது ஏழையின் விதியா? சரக்கு வாகனங்களுக்கேனும் வரியைக் குறைக்குமாறு அரசை வற்புறுத்துகிறோம்.