படிவம் கேட்காத கேள்விகள்

சுவரையும் கூரையையும் கரண்ட் பில்லையும் பார்த்து, ஒரு வீட்டுக்குள்ள வறுமை இருக்கா இல்லையா எண்டு சொல்லிவிடலாமா? சொல்லலாம் என்ற நம்பிக்கையில்தான் 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகள், 22 குறிகாட்டிகள். அவற்றின் புள்ளிகளைக் கூட்டிக் குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் ஒரு வகைக்கு மாதம் 2,500 ரூபா, இன்னொரு வகைக்கு 15,000 ரூபா. பட்டியல் வெளிவந்ததும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களுக்கு முன்னால சனம் திரண்டு நிண்டது.

இதைப் பார்த்துவிட்டு, "படிவத்தைத் தூக்கி எறியுங்கோ, ஊரைத் தெரிஞ்ச உத்தியோகத்தரே முடிவெடுக்கட்டும்" எண்டு சொல்லுவது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். 1995இல் தொடங்கிய சமுர்த்தியில் யாருக்குக் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கேல்ல என்பதில் கட்சிக்கும் செல்வாக்குக்கும் இருந்த பங்கு ஊரறிஞ்ச கதை. உத்தியோகத்தரின் "மனச்சாட்சி" என்பது சில இடங்களில் அவருடைய சாதியாகவும், சொந்தக்காரராகவும், ஒரு பெண் தனியாக வாழுவதைப் பற்றிய அவருடைய அபிப்பிராயமாகவும் இருந்திருக்கு. ஆரையும் தெரியாத ஒரு அம்மாவுக்கு, எல்லாரிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்கும் படிவம் ஒரு பாதுகாப்பு. அதை மறந்திட்டு விதிமுறைகளைத் திட்டுவது நேர்மையில்லை.

ஆனால் எல்லாரிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டால், எல்லாரையும் ஒரே மாதிரி விளங்கிக்கொண்டதாக ஆகிவிடாது. யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஏறத்தாழ 46,000 வீடுகள் கட்டப்பட்டன. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா மானியம். அது காணாமல் நகையை அடகு வைச்சும் கடன்பட்டும் வேலையை முடித்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் சீமெந்துச் சுவர் படிவத்தில் வசதியின் அடையாளம். அது எப்படி எழும்பியது, இண்டைக்கு அடுப்பு எரியுதா என்பதையெல்லாம் சுவர் சொல்லாது. வாசலில் இருந்து கதைக்கிற ஒரு நல்ல உத்தியோகத்தருக்கு அரை மணித்தியாலத்தில் அது விளங்கும். விளங்கினாலும் அதை எழுத இடம் வேணும், எழுதினால் அதுக்கு ஒரு பெறுமதி வேணும்.

இது எங்கட நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 2000இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பராமரிக்க வேண்டியவர்களின் சித்திரவதையால் இறந்தார். அவரை வைத்தியசாலைகளும் சமூக சேவைத் திணைக்களங்களும் பொலிசும் அறிந்தே இருந்தன. அதற்குப் பிறகும், அதுபோன்ற ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும், இங்கிலாந்தில் விதிகளும் படிவங்களும் காலக்கெடுக்களும் கூடின. 2011இல் பேராசிரியர் ஐலீன் மன்றோ அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை இதைத்தான் கேள்வி கேட்டது: விதிப்படி நடந்ததா என்று பார்க்கிற அமைப்பு, பிள்ளைக்கு உதவி கிடைச்சதா என்று பார்க்க மறந்துபோச்சு. சமூகப் பணியாளர்களின் நேரத்தைக் கணினித் திரை தின்றது. பிள்ளையோடு இருக்கும் நேரம் குறைந்தது. 2013இல் வந்த புதிய வழிகாட்டலில், முன்பு இரண்டு கட்டமாக இருந்த மதிப்பீடு ஒன்றாக்கப்பட்டது. காலக்கெடு முற்றாகப் போகவில்லை, 45 வேலை நாட்கள் என்ற மேல் எல்லை நின்றது. அதுவும் சரிதான். எல்லையே இல்லாவிட்டால் கோப்பு மேசையிலேயே தூங்கும்.

ஆக, படிவமா மனிதரா என்ற கேள்வியே பிழை. படிவம் சொல்லும் முடிவை மாற்ற உத்தியோகத்தருக்கு உரிமை வேண்டும்; மாற்றினால் காரணத்தை எழுத்தில் தரும் கடமையும் வேண்டும். எழுதப்பட்ட காரணத்தை மேலதிகாரி கேள்வி கேட்கலாம், பாதிக்கப்பட்டவர் எதிர்க்கலாம். எழுதாத தீர்ப்பு தயவாகவோ பழிவாங்கலாகவோ மாறுவதற்கு அதிக காலம் எடுக்காது. மேன்முறையீட்டுக்கும் இது பொருந்தும்: அதே தரவை மறுபடி கூட்டிப் பார்ப்பது மறுபரிசீலனை ஆகாது, ஒருவர் நேரில் போகவேணும். இன்னொன்று, ஒரு உத்தியோகத்தரின் தலையில் அளவுக்கு மீறிய குடும்பங்களைக் கட்டிவிட்டு "நிதானமாக யோசியுங்கோ" எண்டு சொல்லுவதில் அர்த்தமில்லை. நேரமில்லாதவர் படிவத்துக்குப் பின்னால ஒளிவார். அவரை மட்டும் குறை சொல்ல ஏலாது.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் நாளைக்கு அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராகவோ, தொண்டு நிறுவனமொன்றின் கள அலுவலராகவோ போகப்போறீங்கள். கையில ஒரு படிவம் தருவினம். அதை ஒழுங்காக, ஒரு கேள்வியும் விடாமல் நிரப்புங்கோ. அது அந்தக் குடும்பத்துக்குச் சேரவேண்டிய நியாயம். பிறகு பேனையை மூடி வைச்சிட்டு, "வேற என்னம்மா?" எண்டு கேளுங்கோ. வருகிற பதிலை எங்க எழுதுறது எண்டு தெரியாவிட்டால், அதை உங்கட மேலதிகாரியிட்டக் கேளுங்கோ. எழுத்தில கேளுங்கோ.