இரும்பு நெசவாளியும் ஆரணித் தறியும்

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 5ஆம் பருவம் முடியும் தறுவாயில், 1992 ஜூனில் வந்தது 'தி இன்னர் லைட்'. ஓர் ஆய்வுக் கருவியின் கதிர் பட்டு விண்கலத் தலைவர் பிக்கார்ட் மயங்கி விழுகிறார். சுமார் 25 நிமிடத்துக்குள், கடான் என்ற கோளில் காமின் என்னும் இரும்பு நெசவாளியாக ஓர் ஆயுளையே வாழ்ந்து முடிக்கிறார். மனைவி, பிள்ளைகள், பேரன், ஆண்டுக்காண்டு முற்றும் வறட்சி. அந்த மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தவர்கள். தங்களை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பியதே அந்தக் கருவி. 1993இல் ஹ்யூகோ விருது பெற்ற கதை.

ஆரணியில் தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்த எனக்கு, அது வேற்றுக் கோளின் கதையாகத் தெரியவில்லை. வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் கமண்டல நாகநதி எங்களுக்கும் உண்டு.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லது. அது பெயரைக் காக்கும், கையைக் காக்காது. விடியலில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது வெயிலை எப்படிக் கணிப்பது? அறுந்த இழையை விரல் நுனி எப்படித் தேடிப் பிடிக்கிறது? இவை எந்தச் சான்றிதழிலும் இல்லை. எங்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கூலி அப்படி.

கைத்தறித் துறை, சேலைகளோடு மூத்த நெசவாளர்களையும் பதிவு செய்யட்டும். பாவு ஏற்றுவதிலிருந்து சேலை அறுப்பது வரை, அவர்கள் பேச்சோடு, வீட்டுப் பெண்களின் வேலையோடு. அந்த நாட்களுக்கு முழுக் கூலியும் கொடுத்து.