வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?

நான் அதிகம் கோயிலுக்குப் போகிறவனில்லை. அத்தை மகனுக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள், வந்துதான் ஆகணும் என்றதால் போனேன். டெல்டாவில் ஒரு சிறு நகரம். வாசலிலேயே ‘அனைவரும் வருக’ பலகை. உள்ளே கைகுலுக்கல், சிரிப்பு, விசிறி. குறை சொல்ல முடியாத உபசாரம்.

ஆராதனை நடுவில் புதிதாய் வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, பேரும் ஊரும் கேட்டார்கள். பேர் சொன்னேன், வங்கி குமாஸ்தா என்றேன், ஊர் சொன்னேன். கைதட்டினார்கள். மூப்பர் ஒருவர் மைக்கை விடவில்லை. “சந்தோசம் தம்பி. அந்த ஊர்ல வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?”

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வாயைத் திறக்குமுன் பின்பெஞ்சியிலிருந்து ஒரு பாட்டி எழுந்தாள். “ஏன்யா சுத்தி வளைக்கிறீங்க? பறத்தெருவான்னு கேளுங்க. நானும் அந்தத் தெருதான். அம்பது வருசமா இந்தக் கிண்ணத்துல குடிக்கிறேன், கடைசியா. எனக்குப் பின்னாடி என்னைக்காவது யாராச்சும் நின்னிருக்கீங்களா?”

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஐயா அவசரமாக ஒரு ஞானப்பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் உரக்கப் பாடினார்கள்.

இந்தக் கிண்ணத்துக்கு வயது 300 இருக்கும் தோழர்களே. தரங்கம்பாடி மிஷனில் சூத்திரக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர், தஞ்சாவூர் ராஜாவின் படைவீரர். 1720களின் இறுதியில் அந்தச் சபைக்கு வந்து, அடியும் மிரட்டலும் பட்டு, தஞ்சை நாட்டில் ஊர் ஊராகச் சபை கட்டியவர். 1733-ல் வெள்ளாளர் ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. 1741-ல் அடுத்த பட்டம் டியோகோவுக்குப் போனது. ராஜநாயக்கனுக்கு ஏன் இல்லை? பறையன் கையால் சூத்திரக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்களாம். சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். அதை வாசித்ததும் தஞ்சாவூரில் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். ஏசுவை விட்டார்கள், இடத்தை விடவில்லை! நம் தஞ்சைக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரும் அதற்கு முன்பே சாதிக்காக வக்காலத்து எழுதியவர்தான். அவர் பாட்டை இன்றும் உருகிப் பாடுகிறோம். நானும் கவிதை எழுதுகிறவன், பாட்டில் குறை சொல்ல மாட்டேன். அந்த வக்காலத்தை மட்டும் எந்த மேடையிலும் யாரும் எடுப்பதில்லை.

இதைப் படித்து இந்துத்துவக்காரன் சிரிப்பான், ‘பாத்தியா, அங்கயும் சாதி’ என்று. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை எரித்த கும்பலை எந்தப் பாதிரியார் அனுப்பினார்? உன் வீட்டுச் சரக்குத்தான் அங்கே போயிருக்கிறது. 1950 ஆணை இந்துவை மட்டும் பட்டியலில் வைத்தது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துக்கு இன்றும் இடமில்லை. கோயிலுக்குள் அவன் பறையன், தாலுகா ஆபீசில் பறையன் இல்லை. எவ்வளவு சவுகரியம்!

என் கோபம் அந்த மூப்பர் மேல்கூட அதிகமில்லை. ‘வருக’ என்ற பலகை மேல்தான். வரவேற்கிறவன் வீட்டுக்காரன், வரவேற்கப்படுகிறவன் விருந்தாளி. ராஜநாயக்கன் கட்டிய சபையில் நம்மை விருந்தாளியாக்கியது யார்? சொத்துக் கமிட்டியில் நம் ஆள் எத்தனை? கல்லறையில் நம் குழி எந்த மூலையில்? அதைப் பலகையில் எழுதட்டும்.

வெளியே வரும்போது மூப்பர் கையைப் பிடித்துக்கொண்டார். “மனசுல வச்சுக்காதீங்க தம்பி. அடிக்கடி வாங்க.”

போகத்தான் போகிறேன். அடுத்த திருவிருந்துக்கு முதல் ஆளாய் நிற்பேன் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கணும்.