போனது எது, வந்தது எது?

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் ஆசாமியை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா எந்தப் பரணில் ஒளிந்திருந்தாலும், வெட்டிய பெயர் காட்டிக் கொடுத்துவிடும். ம்யூசியங்கள் செய்வதும் இதேதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். நம்பர் இல்லாத பொருள் அநாதை.

ஆனால், நம்பர் மட்டும் போதாது ஸார். வம்பெல்லாம் இரவலில்தான்.

2019 நவம்பரில் கீழடிப் பொருட்களை மதுரை உலகத் தமிழ்ச் சங்கத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். கீழடியில் அப்போது ம்யூசியம் கிடையாது. அது 2023 மார்ச்சில்தான் திறந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய்ப் பார்த்தேன். எழுத்துக் கீறிய பானை ஓடுகளைப் பார்த்து எல்லோருக்கும் பெருமை. எனக்கோ பாசிமணிகளின் சைஸைப் பார்த்துக் கவலை: 'இத்தனையும் எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வைக்கணுமே!'

அதற்குத்தான் கம்ப்யூட்டர். ம்யூசிய சாஃப்ட்வேரில் பொருளுக்கு ஒரு பக்கம், கண்காட்சிக்கு ஒரு பக்கம், இரவலுக்கு ஒரு பக்கம். மூன்றையும் முடிச்சுப் போட்டு வைப்பார்கள். ஒரே இரவலில் 40 பொருள் போகலாம்; ஒரே பொருள் 10 ஊர் சுற்றலாம். யார் வாங்கினார், எதற்கு, எந்தத் தேதி வரை, இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் இரவல் பக்கத்தில். 'சொந்த இடம்: அலமாரி 7' என்பதைத் தொடவே கூடாது. 'இப்போது இருக்குமிடம்' தனிக் கட்டம். அவசரத்தில் 'அலமாரி 7'ஐ அழித்து 'மதுரை' என்று தட்டிவிட்டால், திரும்பி வரும் பொருளுக்கு வீட்டு விலாசமே கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், போகும்போதும் வரும்போதும் எழுதுகிற உடல்நிலைக் குறிப்பு. உயரம், எடை, கீறல், விரிசல், நாலு பக்கமும் போட்டோ.

"வந்தாச்சுன்னு டிக் அடிச்சாப் போதாதா?" என்பீர்கள். போதாது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் கேட்டுப் பாருங்கள்.

1951-ல் அங்கே மண்ணுக்கடியில் சோழர் கால நடராஜர் கிடைத்தார். கோயிலுக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பழுது பார்க்க வெளியே போனார், 'திரும்பி' வந்தார். கற்பூரம் காட்டினார்கள், கும்பிட்டார்கள். 1965-ல் பிரிட்டிஷ் ம்யூசியத்தின் டக்ளஸ் பாரெட் எழுதிய புத்தகத்தால்தான் விஷயம் வெளியே வந்தது: கோயிலில் இருப்பது நகல்!

அசல், கை மாறிக் கை மாறிக் கடல் தாண்டிவிட்டது. 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்தியா வழக்குப் போட்டது. 1976-ல் சமரசம்: சிலை இந்தியாவுடையது, ஆனால் அவருடைய ம்யூசியம் 10 வருஷம் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அதாவது, திருட்டுப் போன நம் சாமியை நாமே இரவல் கொடுத்தோம்! 1986-ல் திரும்பி வந்தார்.

ஸ்ரீபுரந்தான் நடராஜருக்குக் கை கொடுத்தது போட்டோ. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்றோ கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய படங்கள் அடையாளம் சொல்ல, 2014-ல் இந்தியா திரும்பினார். படம் எடுத்தவர் திருடனைப் பிடிக்கவா எடுத்தார்? ஒழுங்காகப் பதிவு பண்ணி வைத்தார், அவ்வளவுதான்.

ஆபீஸில் ஃபைலோ, பக்கத்து வீட்டுக்கு டிபன் கேரியரோ, இரவல் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "அப்பவே திருப்பிக் கொடுத்துட்டேனே!" என்று யாராவது சொன்னால், "எப்ப?" என்று கேட்காதீர்கள்.

"எதை?" என்று கேளுங்கள்.