ஆடினால்தான் உயிர்

புத்தகம் ஒன்று அலமாரியில் நூறு வருஷம் கிடந்தாலும், எடுத்துப் பிரித்த மாத்திரத்தில் பேச ஆரம்பித்துவிடுகிறது. பரண்மேல் தூசு படிந்து கிடக்கும் பல்லாங்குழிக் கட்டையும் அப்படித்தான். ஒரு கைப்பிடி சோழியோ புளியங்கொட்டையோ கிடைத்தால் போதும். பாட்டி ஆடிய அதே ஆட்டத்தைப் பேத்தியும் ஆடலாம். டெலிவிஷனோடு பொருத்தி ஆடும் 'கன்சோல்' என்ற விளையாட்டுப் பெட்டிகளுக்கோ இந்தப் பாக்கியம் இல்லை. அவை பிறந்து அரை நூற்றாண்டுக்குச் சற்று அதிகம்தான் ஆகிறது. அதற்குள் அவற்றுக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுகளில் பெரும்பகுதி கடைகளிலிருந்து மறைந்துவிட்டது.

மறைந்ததைத் தேடிப் பிடித்து வைத்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் சாமானியர்களே. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும், பகலில் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் பழைய பெட்டியைத் தூசு தட்டி எடுத்து ஆடுபவர்கள் பலர் உண்டு. ஆடியதோடு நில்லாமல், எந்த விளையாட்டில் எது பிடித்தது, எங்கே சலித்தது, எந்த இடத்தில் மனம் நெகிழ்ந்தது என்று குறித்தும் வைக்கிறார்கள். 'வேலையற்றவன் வேலை' என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இந்தக் கலையைப் பற்றி வருங்காலம் அறியப் போவதில் பெரும்பகுதி இவர்கள் கைவழியேதான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

புள்ளியில் ஆரம்பம்

வீட்டு டெலிவிஷனில் ஆடும் முதல் பெட்டி 1972-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. மாக்னவாக்ஸ் ஒடிஸி என்பது அதன் பெயர். ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குத் தப்பி வந்த ரால்ஃப் பேர் என்பவர் அதன் சூத்திரதாரி. திரையில் தெரிந்தவை சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடுமே. சத்தம் கிடையாது. யார் ஜெயித்தார் என்று கணக்கு வைக்கும் சக்திகூட அந்தப் பெட்டிக்கு இல்லை; ஆடுபவர்களே காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மைதானமும் வீடும் தெரிவதற்காக வர்ணம் தீட்டிய பிளாஸ்டிக் தாள்களைத் திரைமேல் ஒட்டிக்கொண்டார்கள்.

இன்று இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெட்டியை இப்போது ஆடிப் பார்ப்பவர் ஒன்றைக் கண்டுகொள்கிறார்: பாதி விளையாட்டு திரையில் நடந்தது, மறு பாதி ஆடியவர் கற்பனையில் நடந்தது. படத்தைப் பார்த்தோ விவரத்தைப் படித்தோ இதை உணர முடியாது. ஆடித்தான் உணர வேண்டும்.

முதல் நிமிஷப் பாடம்

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி நின்டெண்டோ. அது 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்ற விளையாட்டை உலகம் முழுவதும் அறியும். சிகேரு மியாமோட்டோ, டகாஷி டெசுகா ஆகியோர் அதை அமைத்தார்கள். விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று ஒரு செல்போன் புகைப்படம் பிடிக்கும் இடத்தில் அதுபோலப் பல விளையாட்டுகளை வைத்துவிடலாம். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரே வடிவத்தை வெள்ளை பூசி மேகமாகவும், பச்சை பூசிப் புதராகவும் காட்டினார்கள். சிக்கனத்தில் பிறந்த அழகு அது.

அதன் முதல் நிமிஷத்தைக் கவனித்து ஆடுபவர் அசந்து போவார். வலப்பக்கமிருந்து ஒரு காளான் பூதம் மெல்ல நடந்து வருகிறது. முட்டினால் சாவு, குதித்தால் பிழைக்கலாம். குதிக்கும்போது தலைக்கு மேலுள்ள பெட்டியில் இடித்தால் நல்ல காளான் ஒன்று வெளிப்படுகிறது. அது வலப்பக்கம் உருண்டு போய், எதிரே நிற்கும் குழாயில் மோதித் திரும்பி ஆடுபவரை நோக்கியே வருகிறது. பயந்து ஒதுங்க நினைத்தாலும் அது அநேகமாகப் பட்டுவிடும். பட்டதும் மரியோ பெரியவனாகிறான். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, வாத்தியார் இல்லை, பிரம்பும் இல்லை. ஆபத்து எது, அனுகூலம் எது என்ற பாடம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நல்ல ஆசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய போதனை முறை இது.

வெற்றியில் ஒரு துக்கம்

விளையாட்டு என்றால் ஓடுவது, குதிப்பது, சுடுவது மட்டும்தான் என்று எண்ணுபவர்கள் ஃபுமிட்டோ உவேடாவின் இரண்டு படைப்புகளை அறிய வேண்டும். இரண்டும் சோனி கம்பெனியின் இரண்டாவது பிளேஸ்டேஷன் பெட்டிக்காகச் செய்யப்பட்டவை. 2001-ல் வந்த 'இகோ'வில், கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன், பாஷை புரியாத ஒரு பெண்ணைப் பாழடைந்த கோட்டையிலிருந்து அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை விடாமல் அழுத்தி அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரலை எடுத்தால் பிடி நழுவும். ஆதரவாக ஒருவர் கையைப் பற்றுவது என்ன என்பதை ஒரு பொத்தான் சொல்லிவிடுகிறது.

2005-ல் வந்த 'ஷாடோ ஆஃப் தி கொலாசஸ்' இன்னும் ஆழமானது. இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க வேண்டி ஓர் இளைஞன் 16 மாபெரும் பூதங்களைக் கொல்லப் புறப்படுகிறான். பரந்த வெளியில் வேறு எதிரிகளே இல்லை. பூதங்களில் சில தாமாகச் சண்டைக்குக்கூட வருவதில்லை. மலைபோன்ற அந்தப் பிராணி சாய்ந்து விழும்போது ஜெயபேரிகை முழங்காது. சோகமான இசை எழுகிறது. 'இதைச் செய்தது சரிதானா?' என்ற கேள்வி ஆடுபவர் நெஞ்சில் தைக்கிறது. சினிமாவில் கொலை செய்பவன் கதாநாயகன். இங்கே பொத்தானை அழுத்தியது தன் விரல் என்பதால் பழியிலிருந்து தப்ப வழியில்லை. இந்தக் கலைக்கே உரிய சக்தி இதுதான்.

ஆடுபவரே கண்டுபிடிப்பவர்

மற்றொரு விஷயமும் உண்டு. செய்தவர்கள் அறியாததை ஆடுபவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் சிருஷ்டித்த டெட்ரிஸ், ஏழு வகைக் கட்டைகளை அடுக்கும் ஆட்டம். நின்டெண்டோ பெட்டிக்கு 1989-ல் வந்த டெட்ரிஸில் 29-வது கட்டத்துக்கு மேல் மனிதனால் போக முடியாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கட்டைகள் அவ்வளவு வேகமாக விழும். ஆனால் ஆர்வலர்கள் விட்டார்களா? பொத்தானை அழுத்தும் விதத்தையே மாற்றினார்கள். கையில் பிடிக்கும் பொத்தான் கருவியின் பின்புறத்தை விரல்களால் தட்டி உருட்டும் ஒரு யுக்தியைப் பழகினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-வது கட்டம் வரை சென்றான். அங்கே விளையாட்டே திக்குமுக்காடி உறைந்து நின்றுவிட்டது! மனிதர்களில் முதலாவதாக அவன் அந்த எல்லையைத் தொட்டான். அவன் பிறப்பதற்கு 20 வருஷம் முந்திய விளையாட்டு, அவன் ஆடும்படியான நிலையில் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

மூன்று எதிரிகள்

எல்லா விளையாட்டுக்கும் அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. முதல் எதிரி காலம். அமெரிக்காவில் 1987-ல் விற்ற 'லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' கார்ட்ரிட்ஜுக்குள் ஆட்டத்தின் நிலையை நினைவில் வைக்க ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. பாட்டரி தீர்ந்தால் நினைவும் போயிற்று. அதைத் திறந்து, ஈயம் உருக்கி ஒட்டிப் புது பாட்டரி பொருத்துபவர் ஆர்வலரே. வாத்துச் சுடும் 'டக் ஹன்ட்' விளையாட்டின் துப்பாக்கி, பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷனோடுதான் வேலை செய்யும். தட்டைத் திரையின் முன் அது வெறும் பிளாஸ்டிக்.

இரண்டாவது எதிரி உரிமைச் சிக்கல். 1997-ல் புகழ் பெற்ற 'கோல்டன் ஐ 007' விளையாட்டுக்குப் பல கம்பெனிகள் உரிமையாளர்கள். 2023 ஜனவரியில்தான் அது மறுபடியும் விற்பனைக்கு வந்தது. கால் நூற்றாண்டு காத்திருப்பு!

மூன்றாவது எதிரி அலட்சியம். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்கிறது அது. அதே நாட்டில் மௌனப் படங்களுக்கு நேர்ந்த கதி நினைவுக்கு வருகிறது. அவற்றில் சுமார் 70 சதவீதம் அடியோடு அழிந்துவிட்டதாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013-ம் வருஷத்து அறிக்கை கூறிற்று. வெளியான காலத்தில் அவையும் வெறும் பொழுதுபோக்கு என்றே கருதப்பட்டன.

மாட்டை அவிழ்த்தது யார்?

விளையாட்டு பழுதடைவது ஒரு விதம். விற்றவரே பறித்துக்கொள்வது இன்னொரு விதம். பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் கம்பெனி 2014-ல் 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டை விற்றது. தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு தொடர்பு இருக்க வேண்டும். 2024 மார்ச் 31-ல் சர்வர் நிறுத்தப்பட்டது. தட்டாக வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களுக்கும் விளையாட்டு போயிற்று. சந்தையில் மாட்டை விலைபேசி விற்றவனே பத்து வருஷம் கழித்து வந்து கொட்டிலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போவது போன்றதல்லவா இது?

ஆத்திரமடைந்த ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்ற கோரிக்கையை ஐரோப்பிய யூனியனின் முன் வைத்தார்கள். 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் அதில் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியா மாகாணமும் விழித்துக்கொண்டது. இணையம் வழியே விற்பது சொந்தமா, வெறும் அனுமதியா என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் அங்கே 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது.

இரு தரப்பு நியாயம்

கம்பெனிகளுக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. சர்வரை ஓட்டப் பணம் செலவாகிறது. திருட்டுப் பிரதிகளால் நஷ்டம் உண்டு. பழையதை இலவசமாக விட்டால் மறுபதிப்பின் விற்பனை கெடும் என்ற பயமும் உண்டு. நின்டெண்டோ 2016-ல் 30 பழைய விளையாட்டுகளை ஒரு சிறு பெட்டியில் அடக்கி விற்றபோது மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஆனால் மறுபதிப்பு பெறுவது புகழ் பெற்றவை மட்டுமே. விலை போகாதவற்றைக் காப்பாற்றுபவர் யார்?

நூலகங்கள் முன்வருகின்றன. நியூயார்க் மாகாணம் ராச்செஸ்டர் நகரின் ஸ்டிராங் மியூசியமும், கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகமும் பழைய பெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை. ஆராய்ச்சியாளர் வெளியூரிலிருந்தபடி நூலகத்தின் பழைய விளையாட்டை ஆடிப் பார்க்க அனுமதி கேட்டபோது, பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்ற பெயரில் வேடிக்கைக்காக ஆடிவிடுவார்கள் என்பது கம்பெனிகள் தரப்பு வாதம். நாவலை நூலகத்திலிருந்து எடுத்துச் செல்பவர் ரசித்துவிடுவாரோ என்று யாராவது கவலைப்படுகிறார்களா?

பெற்றோர்களின் கவலை வேறு. அதையும் தட்டிக்கழிக்க முடியாது. அளவு மீறிய ஆட்டத்தை ஒரு நோயாகவே உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்ற வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கும் ஆட்டத்தைத் தடுப்பது பெரியவர்கள் கடமை. ஆனால் மிதமிஞ்சிச் சாப்பிடுபவன் இருக்கிறான் என்பதற்காகச் சமையல் கலையை ஒருவரும் கைவிடுவதில்லை. உண்மையில், எதை ஆடுவது, எங்கே நிறுத்துவது என்று குழந்தைக்குச் சொல்ல வல்லவர், ஆடிப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தை நேர்மையாக எழுதி வைத்த ஆர்வலரே. விளம்பரம் சொல்லாததை அவர் சொல்வார்.

செய்ய வேண்டியது

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சர்வரை நிறுத்தும் கம்பெனி, வாங்கியவர் தனியாகவாவது ஆடும்படி ஒரு மாற்று ஏற்பாட்டைக் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். விலைக்குக் கிடைக்காத விளையாட்டை ஆராய்ச்சிக்காகத் திறந்துவிட நூலகங்களுக்கு அரசாங்கங்கள் அனுமதி தரலாம். ஒவ்வொரு விளையாட்டின் ஒரு பிரதியையாவது, அதை ஆடும் பெட்டியோடு சேர்த்து, ஓரிடத்தில் பத்திரப்படுத்தலாம்.

அதுவரை இந்தப் பொறுப்பு, இரவில் விளக்கடியில் கார்ட்ரிட்ஜைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சாமானிய ஆர்வலர் தலையில்தான் விழுந்திருக்கிறது. புது பாட்டரியைப் பொருத்தி அவர் பொத்தானை அழுத்துகிறார். திரையில் வெளிச்சம் வருகிறது. அவருடைய பிள்ளை பக்கத்தில் வந்து உட்காருகிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் இதே பொத்தானை அழுத்தும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.