'கோ' விளையாட்டு: ஏஐ வந்தபிறகு கத்துக்கிறது ஈஸியா, கஷ்டமா?

சீனாவில் பிறந்த 'கோ' விளையாட்டுக்கு 2,500 வயசுக்கு மேல். பலகையில் 19-க்கு 19 கோடுகள், 361 சந்திப்புகள். கறுப்பு, வெள்ளைக் காய்களால் அதிக இடத்தை வளைப்பவருக்கு வெற்றி; முழுசா சுற்றி வளைக்கப்பட்ட காய்கள் காலி. விதி அவ்வளவுதான். ஆட்டம்தான் லேசில் பிடிபடாது.

2016 மார்ச்சில் சியோலில், கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாகோ, தென்கொரிய ஜாம்பவான் லீ செடோலை 4-1 என வீழ்த்தியது. அதன்பிறகு பாடமே மாறிப்போச்சு. ஆட்டம் தொடங்கியதுமே எதிராளியின் மூலைக்குள் புகுந்து காய் வைத்தால், முன்பெல்லாம் ஆசிரியரிடம் திட்டு விழும். சின்ன மூலைக்கு ஆசைப்பட்டு, வெளிப்பக்க பலத்தை எதிராளிக்குத் தூக்கிக் கொடுப்பது தப்பு என்பார்கள். ஏஐ அதையே ஆடி ஜெயித்தது. இப்போ முன்னணி வீரர்களும் ஆடுறாங்க.

சிக்கல் என்னன்னா, எங்கே வைத்தால் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று ஏஐ காட்டும். ஏன் என்று சொல்லாது. 52-ஐ விட 54 நல்லதுதான். ஆனால் அடுத்த பத்து காய்களையும் அதைப்போலவே வைக்கத் தெரியாத புதுமுகத்துக்கு அந்த 2 சதவீதத்தால் என்ன லாபம்? 'ஏன்' என்பதை விளக்க இன்னமும் ஆசிரியர்தான் வேணும்.

ஏஐ-க்கும் சறுக்கும். 2023-ல் அமெரிக்க அமெச்சூர் வீரர் கெல்லின் பெல்ரைன், கடாகோ என்ற பலமான ஏஐ-யை 15 ஆட்டங்களில் 14-ல் தோற்கடித்தார். வேறு பக்கம் கவனத்தைத் திருப்பிவிட்டு, அதன் காய்களை மெதுவாகச் சுற்றி வளைத்தார். கடைசிவரை அது கவனிக்கவே இல்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இன்னொரு கம்ப்யூட்டர் புரோகிராம்!