அந்த மஞ்சள் லைட்டுக்கு டேப் ஒட்டலாமா?

"அது சும்மா எரியுது, கணக்கெடுக்காதீங்க தம்பி." டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் லைட்டைக் காட்டிக் கேட்டபோது, கல்முனையில் ஒரு டயர் கடையில் எங்களுக்குக் கிடைத்த பதில் இது. லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவே ஆச்சரியக்குறி. டயரில் காத்து குறைந்தால் எரிவது. எங்கட ஆட்கள் சிலர் அதுக்கு மேலே கறுப்பு டேப் ஒட்டிவிட்டு நிம்மதியாக ஓடுகிறார்கள்.

சும்மா எரிகிற லைட் இல்லை இது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் கழன்று 100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2000ஆம் ஆண்டு வந்த சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

லைட் இரண்டு கதை சொல்லும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நிமிடமளவு மினுக்கிவிட்டு நின்று எரிந்தால், பழுது டயரில் இல்லை, கண்காணிக்கிற கருவியில். மினுக்காமல் நின்று எரிந்தால் காத்து குறைவு.

கருவிப் பழுது இப்போது கூடுவதற்குக் காரணம் இருக்கு. 2020இல் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது. ஓடுவதில் பல பழைய கார்கள். சக்கரத்துக்குள் இருக்கிற சென்சரின் பட்டரி 5 முதல் 10 வருஷம்தான் தாங்கும். பெரும்பாலும் பட்டரியை மட்டும் மாற்ற முடியாது. அதற்காக நாலையும் கழற்றச் சொன்னால் ஓமென்று தலையாட்டாதீங்க. ஸ்கேன் பண்ணி எது செத்தது என்று பார்க்கச் சொல்லுங்க. டயர் கழற்றும்போது வால்வுக்குப் பின்னால் சென்சர் இருக்கு என்று முதலே சொல்லுங்க. கவனமில்லாமல் நெம்பினால் உடையும்.

சில கார்களில் சென்சரே இல்லை. ஏ.பி.எஸ். சக்கர வேகத்தை ஒப்பிட்டுத்தான் காத்தைக் கணிக்கும். அதில் காத்தடிக்காமல் ரீசெட் பட்டனை அமத்தினால், குறைந்த காத்தையே சரியென்று கார் பழகிவிடும். காருக்கு நாமே பொய் படிப்பிக்கிற வேலை அது.

லைட்டை மட்டும் நம்பவும் கூடாது. அமெரிக்க விதிப்படி காத்து 25 வீதம் குறைந்த பிறகு எரிந்தாலே போதும், 32 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் 24க்கு இறங்கியிருக்கும். டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கு. காலையில், டயர் சூடாக முதல், ஒரு சின்ன கேஜ் வைத்துப் பாருங்க.

உம்மா, வாப்பாவை ஏற்றிக்கொண்டு மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறுகிற நாளில், டேப்புக்குக் கீழே எரிகிற லைட் யாருக்கும் தெரியாது. டேப்பைக் கழற்றுவோம்.